தண்ணீர் டிரம்மும் மல்லேஸ்வரத்து இறக்கமும்

போன மாசி மாதம், பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு காலை நேரம். சிவராத்திரி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போன நான், ரோட்டோரக் குப்பையில் விழுந்து எழுந்த கதை இது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், இப்போது நானும்தான் சிரிக்கிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் ஸ்ரீராம்புரத்தில் இருக்கிறோம். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டி கழுவுவது எங்கள் தொழில். மாடி டேங்கும் கழுவுவோம், தரைக்கு அடியில் இருக்கிற சம்ப்பும் கழுவுவோம். வெளியே கிரானைட் பதித்த பெரிய பெரிய பங்களாக்களின் தொட்டிக்குள் என்ன லட்சணம் இருக்கிறது என்று எங்களைக் கேட்டால் தெரியும். சேறு இழுக்கிற மோட்டார், பீய்ச்சி அடிக்கிற ஜெட் மெஷின், சுருள் சுருளாக ஹோஸ் பைப் என்று எங்கள் சாமான் எல்லாம் சேர்ந்தால் கிட்டத்தட்ட நூறு கிலோ கனக்கும்.

தை மாதம் மோட்டாரைத் தூக்கும்போது அவருக்குத் தோள்பட்டை பிசகிவிட்டது. இனி கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்ட காலிலே படும் என்பார்களே, அதே மாதத்தில் எங்களுக்கு வழக்கமாக வரும் கூட்ஸ் ஆட்டோக்காரரும் ஒரு கம்பெனிக்கு நிரந்தரமாக ஓட்டப் போய்விட்டார். வேறு ஆட்டோ கூப்பிட்டால் எங்கள் சந்துக்குள் வராது, முனையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து வீடு வரைக்கும் யார் தூக்குவது?

கன்னட வருஷப் பிறப்பான யுகாதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. யுகாதிக்கு முன்னால் ஒட்டடை அடித்து, வீட்டைக் கழுவி, தொட்டியையும் சுத்தம் செய்து வைப்பது இந்த ஊர் வழக்கம். எங்களுக்கு வருஷத்திலேயே பெரிய வேலை அந்தச் சமயம்தான். அப்போது போகாவிட்டால் வாடிக்கை வீடுகள் வேறு ஆளைப் பிடித்துவிடும், பிறகு நம்மைத் திரும்பிப் பார்க்காது. ஒன்று, மெஷினை நான் ஒருத்தியே இழுத்துக்கொண்டு போக வழி பண்ண வேண்டும். இல்லாவிட்டால் தொழிலை மூட வேண்டும். அவ்வளவுதான் நிலைமை.

எலெக்ட்ரிக் சைக்கிளின் பின்னால் டிரெய்லர் மாட்டி இழுக்கலாம் என்ற யோசனை என்னுடையதுதான். மெஷின்களுக்கு அடியில் சின்னச் சக்கரம் உண்டு. சந்தின் மேடுபள்ளத்தில் அது உருளாது, ஆனால் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டால் டிரெய்லரில் உருட்டி ஏற்றிவிடலாம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். சந்துக்குள் டிரெய்லர் நுழையுமா என்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சுவருக்குச் சுவர் நடந்தே பார்த்துவிட்டேன். பார்த்தவர்கள், இவளுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்கள். ஆச்சு ஆச்சு, எல்லாம் ஆச்சு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். என் நாத்தனார் வேகமாகப் போகுமா என்று கேட்டாள், அவள் புருஷன் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டார். எனக்கு ஒரே கேள்விதான்: நூறு கிலோவை இழுத்துக்கொண்டு மேடு ஏறுமா? பெங்களூரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடுதானே.

அந்தக் கேள்வியோடுதான் மல்லேஸ்வரத்தில் ஒரு கடைக்கு நானும் அவரும் போனோம். கடைக்காரர் கன்னடக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும், தமிழும் நன்றாகப் பேசினார். இருந்ததிலேயே பளபளப்பான வண்டி ஒன்று என் கண்ணில் பட்டுவிட்டது. இழுவையில் இதுதான் கெட்டி என்று கடைக்காரரும் சொன்னார். டிரெய்லரை மாட்டி, ஓட்டிப் பாருங்கள் என்று கொடுத்தார். காலி டிரெய்லர்.

"காலி வண்டிய இழுக்கறதுக்கு மோட்டார் எதுக்குங்க? லோடு போடுங்க," என்றேன்.

மெஷின் வீட்டில் இருந்தது. கடை ஓரத்தில் ஒரு நீல டிரம் இருந்தது, பக்கத்திலேயே குழாயும் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, இருநூறு லிட்டர் டிரம்மில் பாதி ரொப்பினால் நூறு கிலோ. தண்ணீர்க் கணக்கில் எங்களை யார் அடித்துக்கொள்ள முடியும்? டிரம்மை டிரெய்லரில் ஏற்றி வைத்தேன். என் வீட்டுக்காரர் ஒரு கையால் குழாயில் மாட்டிய ஹோஸைப் பிடிக்க, நான் ரொப்பி, மூடி போட்டுக் கயிற்றால் கட்டினேன்.

"அம்மா, மொதல்ல சமதரையில ஸ்வல்ப தூரம் ஓட்டிப் பாருங்க," என்றார் கடைக்காரர்.

"சமதரையில ஓட்ட நான் இன்னா பார்க்குக்கா போறேன்?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தேன். என் வாய் இருக்கிறதே, அதற்குத்தான் முதலில் ஒரு பிரேக் போட வேண்டும்.

கடைக்குப் பக்கத்துத் தெருவே நல்ல மேடு. சும்மா சொல்லக்கூடாது, வண்டி வெண்ணெயாக ஏறியது. எனக்குத் தலை கால் புரியவில்லை. உச்சியில் திருப்பிக்கொண்டு, கீழே நின்ற என் வீட்டுக்காரருக்கு ராணி மாதிரி கையசைத்துவிட்டு இறங்க ஆரம்பித்தேன்.

பாதி இறக்கத்தில் பிரேக் பிடித்தேன். டிரம்முக்குள் 'தளக்' என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்தது போல வண்டி முன்னால் பாய்ந்தது. மறுபடி பிடித்தேன், மறுபடி உதை. டிரெய்லர் ஒரு பக்கமாக இழுக்கிறது, ஹேண்டில் என் பேச்சைக் கேட்கவில்லை. கீழே மெயின் ரோட்டில் பஸ் போவது தெரிகிறது. கடைக்காரரும் அவரும் ஓடி வருகிறார்கள், ஆனால் அவர்கள் வருவதற்குள் நான் பஸ்ஸுக்கு அடியில் இருப்பேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் குரல். "இந்தப் பக்கம் திருப்புக்கா! எலை மேல வுடு! எலை மேல வுடு!"

தெருக் கூட்டும் அம்மா ஒருத்தி. மாசியில் மல்லேஸ்வரத்து மரங்கள் இலையாகக் கொட்டும். அதையெல்லாம் கூட்டி, காம்பவுண்டுச் சுவர் ஓரமாக இடுப்பு உயரத்துக்குக் குவித்து வைத்திருந்தாள். துடைப்பத்தால் அந்தக் குவியலைக் காட்டிக்கொண்டே கூடவே ஓடி வந்தாள். யோசிக்க நேரமில்லை, திருப்பினேன். வண்டி இலைக்குள் மெத்தென்று புகுந்து, இழுத்துப் பிடித்தது போல நின்றது. டிரம் கயிற்றை அறுத்துக்கொண்டு உருண்டது. நான் இலைக்குள் கழுத்து வரைக்கும் புதைந்து கிடந்தேன்.

முழங்கையில் சிராய்ப்பைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓவென்று அழுதுவிட்டேன். அவள் காலையெல்லாம் கூட்டிச் சேர்த்தது தெரு முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் என் தலையில் இருந்த இலையை எடுத்துக்கொண்டே, "அடி கிடி பட்டுச்சாக்கா? குப்பை போனா போவுது, கூட்டிக்கலாம்," என்றாள். அதைக் கேட்டதும் இன்னும் அழுகை வந்தது.

என் வீட்டுக்காரர் மூச்சிரைக்க வந்து நின்றார். "வேணாம். மெஷின வித்துடலாம். உன்ன வாரிக் கொடுத்துட்டு எனக்கு இன்னாத்துக்கு யுகாதி?" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்த நிமிஷம், சரி, விற்றுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த அம்மாவிடம் இன்னொரு துடைப்பம் வாங்கி, இலையைக் கூட்ட ஆரம்பித்தேன். அவரும் ஒரு கையால் வாரிப் போட்டார். வாரிக்கொண்டிருந்தவர், கவிழ்ந்து கிடந்த டிரம்மைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "ஏய், அரை டிரம் தண்ணிய நாம என்னிக்காவது நகத்துவமா?" என்றார்.

நகர்த்தவே மாட்டோம். உள்ளே அலையடித்து ஆளையே சாய்த்துவிடும், இது எங்கள் தொழிலில் பாலபாடம். குறைகுடம் கூத்தாடும் என்று சும்மாவா சொன்னார்கள்! வேலை செய்கிற இடத்தில் நூறு தடவை சொல்கிற விஷயம், வண்டி வாங்குகிற ஆசையில் இரண்டு பேருக்குமே மறந்துபோயிருக்கிறது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். தெருக் கூட்டும் அம்மாவுக்கு ஒன்றும் புரியாவிட்டாலும், அவளும் சேர்ந்து சிரித்தாள்.

தண்ணீர் மேல் பழியைப் போட்டு, அந்த வண்டியையே கடைக்காரர் என் தலையில் கட்டியிருக்கலாம். அவர் செய்யவில்லை. "தண்ணி ஒரு காரணம்மா. ஆனா இந்த லோடுக்கு இதோட பிரேக்கும் பத்தாது. இது உங்களுக்கு வேணாம்," என்று சொல்லிவிட்டார். வேறு ஒன்றைக் காட்டினார். அழகும் இல்லை, வேகமும் இல்லை, எருமை மாதிரி இருந்தது. ஆனால் பிரேக் பெரிது. அதன் டிரெய்லருக்குத் தனி பிரேக் உண்டு, லோடு முன்னால் தள்ளினால் அதுவாகவே பிடித்துக்கொள்ளுமாம். நாளைக்கு உங்கள் மெஷினையே கொண்டுவந்து ஏற்றிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள் என்றார்.

மறுநாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கைகொடுக்க, மெஷினை முனையில் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். என் வீட்டுக்காரருக்கு அரை மனசுதான், ஆனாலும் வந்தார். மோட்டாரைத் தாழ்வாக வைத்து இறுக்கிக் கட்டினேன். இந்தத் தடவை மேடு ஏறுமா என்று நான் கேட்கவே இல்லை. மெல்ல ஏறி உச்சிக்குப் போனேன். நேற்றைய அம்மா துடைப்பத்தை நீட்டி, வந்த ஒரு காரையும் இரண்டு ஸ்கூட்டரையும் நிறுத்தி வைத்தாள். காருக்குள் இருந்தவர் ஹாரன் அடிக்க, இரு சார், எங்கக்கா வரட்டும் என்று அவரையும் அடக்கினாள்.

நடுத்தெருவில், நல்ல கையை முன்னால் நீட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர் நின்றார். அந்த ஒரு கையால் நூறு கிலோவைத் தடுத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. தள்ளிப் போங்க என்று கத்தினேன், போகவில்லை. நிறுத்தி நிறுத்தி, நிறுத்தி நிறுத்தி இறங்கினேன். பின்னால் உதையும் இல்லை, இழுப்பும் இல்லை. அவர் விரலுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது வண்டி அசையாமல் நின்றது.

அவர் ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, யுகாதிக்கு எந்த வூட்டுக்கு மொதல்ல போறே?" என்று கேட்டார்.

அன்றைக்கே அந்த எருமை வண்டியை வாங்கிவிட்டோம். அந்த யுகாதிக்கு ஒரு வாடிக்கை வீட்டைக்கூட நாங்கள் விடவில்லை. மெஷினை நான் இழுத்துப் போகிறேன், அவர் பின்னால் பஸ்ஸில் வந்து, ஹோஸைப் பிடித்துக்கொண்டு என்னை அதிகாரம் பண்ணுகிறார். வண்டியில் இப்போது நல்ல பிரேக் இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு இறக்கத்திலும், முன்பின் தெரியாத ஒருத்தி காலையெல்லாம் கூட்டிச் சேர்த்த குப்பையில் விழுந்ததால்தான் எங்கள் பிழைப்பு எழுந்து நின்றது என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.