வாத்துக் கொட்டகையில் வைத்த கேமரா

கல்யாணமாகி ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு நான் போனபோது என் வீட்டுக்காரரிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஊர் திரும்புகிற அவசரத்தில் யாரோ ஒரு கப்பல்காரர் அதை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அதை வைத்துக்கொண்டு கப்பலைப் பிடித்தார், கிரேனைப் பிடித்தார், காயப்போட்ட வலையைக்கூடப் பிடித்தார். கட்டின பெண்டாட்டியைப் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் பிலிம் தீர்ந்துபோயிருக்கும். கேட்டால், "நீதான் தெனம் கண்ணு முன்னாடியே கீறியே, உன்ன எதுக்குப் படம் புடிக்கணும்?" என்பார்.

உப்பளத்துக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில், மீனவர் குப்பத்தின் ஓரமாக எங்கள் வீடு. ராயபுரத்துச் சந்தடியில் வளர்ந்த எனக்கு முதலில் அந்த இடத்தில் அழுகையாக வந்தது. இவர் காலை ரயிலில் போய்விட்டால் சாயங்காலம்வரை காற்றின் சத்தம்தான். அப்போது எனக்குத் துணையாக வந்து சேர்ந்தது அந்த நாய். பழுப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து இவர் பின்னாலேயே வந்தது, அப்புறம் போகவே இல்லை. தினமும் இவர் ரயில் ஊதுவதற்கு முன்பே எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். நான் உடனே அடுப்பில் குழம்பைச் சுடவைப்பேன். அந்த வீட்டில் கடிகாரம் இல்லாத குறையே எனக்குத் தெரிந்ததில்லை.

அடுத்த வீட்டில் ஒரு அக்கா வாத்து வளர்த்தாள். புருஷன் கடலில் போனபிறகு அந்த வாத்துகள்தான் அவளுக்குச் சோறு போட்டன. திருவொற்றியூர் சந்தையில் முட்டை விற்றுவிட்டு வரும்போது எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வருவாள். வாயைத் திறந்தால் ஊரே கேட்கும், ஆனால் மனசு வெல்லம். அந்த அக்காவின் வாத்துகள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தன. காலையில் பார்த்தால் கொட்டகைக்குப் பின்பக்கம் ஓலை பிரிந்திருக்கும், இறகு சிதறிக்கிடக்கும். ஒருநாள் எங்கள் நாய் வாயில் ஒரு இறகோடு வந்து நின்றது.

"பாத்தியா? உன் நாய்தான் துன்னுது. வேற எவன் துன்னுவான்?" என்று அக்கா வாசலில் நின்று கத்தினாள்.

"கீழ கெடந்த எறகைத் தூக்கினு வந்துச்சுக்கா. பாதி நாள் இது என் காலடியிலதான் படுத்துனு கீது," என்றேன்.

"மீதி நாளு?"

அந்தக் குப்பத்தில் நாயை அடித்துக் கொல்ல மாட்டார்கள். கடலுக்குப் போகிறவன் வீட்டுக்கு ஆகாது என்று ஒரு பயம். அதற்குப் பதிலாக, திருட்டுப் பழக்கம் பிடித்தது நாயோ பூனையோ, எதுவானாலும் கோணியில் போட்டு வாயைக் கட்டிப் படகில் ஏற்றி, ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். முகத்துவாரத்து இழுப்பில் எதுவும் நீந்தித் திரும்பாது. அக்கா அதைத்தான் கேட்டாள். நான் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இவர்தான் வழி சொன்னார். கொட்டகைக்குப் பின்னால் கேமராவைக் கட்டிவைப்பது, வருகிறது எதுவோ அது தன்னைத்தானே படம் பிடித்துக்கொள்ளட்டும் என்பது. அக்காவும் ஒப்புக்கொண்டாள். "படத்துல உன் நாய் இல்லேன்னா நான் வாயே தொறக்க மாட்டேன்," என்றாள். "இருந்தா நானே கோணியில கட்டிக் கொண்டுபோய் வுட்டுடறேன்," என்று இவரும் ஊரெதிரே வார்த்தை கொடுத்தார்.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி அதற்குள் கேமராவை உட்காரவைத்தார். முன்னால் கண்ணுக்கு ஒரு ஓட்டை, மேலே ஃபிளாஷ் பல்புக்கு ஒரு ஓட்டை. கேமரா விசையிலிருந்து வலைநூலை இழுத்து, பிரிந்த ஓலைக்குக் குறுக்கே முழங்காலுக்குக் கீழே கட்டினார். நூலில் கால் பட்டால் விசை இறங்கும், பல்பு மின்னும். பல்பு ஒரு தடவை எரிந்தால் அவ்வளவுதான், ஆகவே தப்பு நடக்கக் கூடாது. ஆனால் நடந்ததெல்லாம் தப்புதான். முதல் நாள் ஆடு வந்து நூலைத் தின்றுவிட்டது. அடுத்த நாள் பளபளக்கிறதே என்று காக்கை வந்து ஃபிளாஷ் தட்டைக் கொத்தியது. அதற்கடுத்த நாள் ஊர்மேயப் போய்த் தாமதமாக வந்த ஒரு வாத்தே நூலில் இடறி, பல்பு மின்னி, அத்தனை வாத்தும் சேர்ந்து கத்தியதில் குப்பமே எழுந்துவிட்டது. அக்காவும் நானும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. சண்டைக்காரிகள் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

இவருக்கு அதைவிடப் பெரிய கவலை உப்புக்காற்று. "இரும்பையே அரிச்சுத் துன்ற காத்து. இந்தப் பொட்டி எம்மாத்திரம்?" என்றார். அதற்கு இவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. அந்தக் குப்பத்தில் பிறந்தவர் இல்லையா? அங்கே படகுப் பலகைக்குச் சுறா எண்ணெய், கதவுக் கீலுக்குச் சுறா எண்ணெய், இவர் சைக்கிள் சங்கிலிக்கும் அதேதான். டின்னுக்கும் உள்ளும் புறமும் வழிய வழியப் பூசினார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அங்கே வேறு யாருக்கும் அது நாற்றமாகவே படவில்லை.

மறுநாள் விடிந்து பார்த்தால் பல்பு எரிந்திருந்தது, ஒரு வாத்தும் குறைந்திருந்தது. இவர் சுருளை எடுத்துக்கொண்டுபோய் ராயபுரத்து ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தார். படம் வருகிற நாள் சாயங்காலம் அக்காவும் நானும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். இவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

படம் முழுக்க எங்கள் நாய். நூலை மிதித்துக்கொண்டு, நாக்கை நீட்டிக்கொண்டு, கேமராவுக்குக் கிட்டே வந்து நிற்கிறது. மங்கல்தான், ஆனால் அந்த வெள்ளைக் காது பளிச்சென்று தெரிந்தது. டின்னை நக்க வந்திருக்கிறது. சுறா எண்ணெய் வாசனைக்கு எந்த நாய்தான் வராது?

"எண்ணெய் நக்க வந்துச்சுக்கா! யோவ், நீதானய்யா பூசின? சொல்லேன்!" என்று கத்தினேன்.

இவர் சொல்லவில்லை. தானே வைத்த சாட்சி தன் நாயைக் காட்டிக்கொடுத்துவிட்டதே என்று கூனிக்குறுகிப்போயிருந்தார். ஊரெதிரே ஒப்புக்கொண்ட வார்த்தை என்று ரோஷம் வேறு. மறுநாள் கோணியின் வாயைத் தன் கையாலேயே கட்டினார். நாய் திமிறவே இல்லை. இவர் விளையாடுகிறார் என்று நினைத்ததோ என்னவோ. படகு போகிறதைப் பார்க்கத் திராணி இல்லாமல் நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதன்பிறகு சாயங்காலம் ரயில் ஊதினால் வீட்டில் எழுந்திருக்க யாரும் இல்லை. இவருக்குச் சோறு போட்டேன், பேச்சு போடவில்லை. வாத்துகளோ பழையபடி போய்க்கொண்டேயிருந்தன. அக்கா வாசலில் வந்து நின்றாள். கத்தவில்லை. "இன்னொருவாட்டி அந்தப் பொட்டிய வெச்சுப் பாக்கலாமா?" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

இந்த முறை எண்ணெயை இவர் தொடக்கூட நான் விடவில்லை. டின்னைச் சாம்பல் போட்டு வாசனை போகத் தேய்த்தேன். மாதா கோயிலில் ஏற்றி மிஞ்சிய மெழுகுவத்திகளை உருக்கி இடுக்குகளை அடைத்தேன். டின்னைச் சுற்றி மணலைக் குவித்து, ஆடு வராமல் முள் வெட்டிப் போட்டேன். நூல் கட்டியதும் நான்தான்.

படம் வந்தது. பிரிந்த ஓலையிலிருந்து ஒரு நரி வெளியே வருகிறது, வாயில் கழுத்து தொங்குகிற வாத்து. சவுக்குத் தோப்பு நரி. அக்கா படத்தை வாங்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், அப்படியே மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "வாயில்லா ஜீவன் மேல பழி போட்டுட்டேனே!" என்று அழுதாள். எனக்கு வந்த கோபமெல்லாம் அந்த அழுகையில் கரைந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூன்று பேரும் படகில் போனோம். இவர் துடுப்புப் போட்டார். அக்கா மடியில் அவித்த முட்டை. இறங்கி விசாரித்ததும் ஒரு மீன்காரக் குடும்பத்தைக் கைகாட்டினார்கள். அவர்கள் வலைக்குப் பக்கத்தில் எங்கள் நாய் படுத்திருந்தது. வேறு பேர் வைத்திருந்தார்கள். நான் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவ்வளவுதான், பாய்ந்து வந்து என்மேல் ஏறி முகமெல்லாம் நக்கிவிட்டது. அக்கா கையிலிருந்த முட்டையையும் தின்றது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கடா என் ராஜா," என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அந்த மீன்காரர்கூட, "உங்க நாய்னா இட்டுனு போங்க," என்றுவிட்டார்.

படகை நோக்கி நடந்தோம். நாய் எனக்கு முன்னால் துள்ளிக்கொண்டு ஓடியது. ஈரமணல் வந்ததும் நின்றுவிட்டது. படகுக்குப் பக்கத்தில் இவர் நின்றுகொண்டிருந்தார். நான் படகில் ஏறி உட்கார்ந்து கூப்பிட்டேன். அக்கா முழங்கால் தண்ணீரில் நின்று கூப்பிட்டாள். இவர் விலகித் தூரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுகூடப் பார்த்தார். நாய் வாலை ஆட்டியது, முனகியது, இவரையும் படகையும் மாறி மாறிப் பார்த்தது. ஏறவில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். "வேணாமே. ஒருவாட்டி கட்டித் தூக்கினது போதும்," என்றார் இவர்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நான் கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு நாய்மேல் வருத்தமே இல்லை, இவர்மேல்தான் ஆத்திரம் பொங்கிப் பொங்கி வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று முகத்தை நிமிர்த்தினேன். மனிதர் துடுப்பை நிறுத்தாமல், துடைத்துக்கொள்ளக் கை இல்லாமல், குழந்தைமாதிரி அழுதுகொண்டிருந்தார்.