ஏழாம் கட்டத்தில் நான் எழுதியது

பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவது எளிய வேலை. சக ஆசிரியருக்குப் போடுவதுதான் நம்மையே காட்டிக்கொடுக்கும் வேலை. தலைமையாசிரியராக இருந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. மலாயாவின் அவசரகாலத்தில், கோல சிலாங்கூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் அப்பொறுப்பில் இருந்தேன். புதிதாக வந்த பாக்கியம் டீச்சரின் வேலை நிரந்தரமாவது என் அறிக்கையைப் பொறுத்திருந்தது. அதன் ஏழாம் கட்டம்: 'பெற்றோரிடமும் சக ஆசிரியரிடமும் பேசிப் பழகி, இணைந்து செயலாற்றும் திறன்.'

யாரும் வராத கூட்டம்

பெற்றோர் கூட்டத்துக்கு வீட்டுக்கு வீடு நானே கடிதம் எழுதி அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி. கிழமையை மாற்றலாமே என்றார் பாக்கியம். இருபது ஆண்டு அனுபவமுள்ளவளுக்கு யோசனையா என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான்கரை வரை காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அவ்வழியே போன தோட்டக் கண்காணி, மண்டோர், எட்டிப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம அரிசி பங்கு போடுற நாள்லா, டீச்சரம்மா. வரிசைய விட்டுட்டு யாரு வருவா?"

வேலி வாசல்

தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி அப்போது முள்வேலி. பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிறவர்கள் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று காலையில் வாசலில் காவலர்கள் சோதித்த பிறகே வெளியே விடுவார்கள். அந்த வரிசையில் காத்து நிற்கும் தாய்மார்களிடம் பாக்கியம் பிள்ளைகளின் சிலேட்டுகளைக் காட்டிப் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு, ஒருநாள் நானும் போனேன். கைகளை விரித்துச் சோதனைக்கு நின்றபடியே ஒருத்தி தன் மகனின் வாய்ப்பாட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பும் பேச்சுமாக இருந்த வரிசை என்னைக் கண்டதும் அடங்கிவிட்டது. அவள்தான் மரியாதையாகக் கேட்டாள்.

"புள்ளைங்களப் பத்தி பாக்கியம் டீச்சருகிட்ட பேசிட்டோம்மா. ஒங்களுக்கு ஏதாச்சும் வேணுமா?"

சுப்பையா வாத்தியாரின் நோட்டு

கணக்கு வாத்தியார் சுப்பையா தம் பாடக்குறிப்பு நோட்டை என்னிடம் காட்ட ஒன்பது ஆண்டுகளாகச் சாக்குச் சொல்லி வந்தவர். அது பாக்கியத்தின் மேசைமேல் இருந்தது. அவருடைய எழுத்துக்குக் கீழே இவருடைய எழுத்து. இரண்டு வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் வகுத்திருந்தார்கள். அருமையாக இருந்தது, அதனால்தான் கோபம் அதிகமாயிற்று. சுப்பையாவிடமே காரணம் கேட்டேன்.

"அவங்க கத்துக்கணும்னு கேட்டாங்க. நீங்க குத்தம் கண்டுபிடிக்கக் கேட்டீங்க."

கையொப்பம்

ஏழாம் கட்டத்தில் 'சுமார்' என்று எழுதினேன். அவரை அனுப்பிவிட அந்த ஒரு சொல் போதும். ஆனால் அறிக்கையை அவரும் படித்துக் கையொப்பமிட வேண்டும் என்பது விதி. படித்தார். "எதுல குறைன்னு சொல்லுங்கம்மா, திருத்திக்கிறேன். இந்த வேல போச்சுன்னா நானும் மரம் வெட்டுக்குத்தான் போகணும்" என்றார். ஒரு குறையாவது சொல்லிவிட வேண்டும் என்று நெடுநேரம் யோசித்தேன், அகப்படவில்லை. வேறு படிவம் எடுத்து, 'மிக நன்று' என்று எழுதி நீட்டினேன். அவர் பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

"இதுல இனிமே மாத்தமாட்டீங்கல்லம்மா?"

நான் ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் அவருக்கு 'மிக நன்று' என்றே எழுதினேன். ஒரு தடவைகூட மகிழ்ச்சியோடு எழுதவில்லை.