துண்டுக்கடியில கெடந்த வெல

பாறசாலைக்குக் கிழக்க, பனங்காட்டுல தும்படிக்கிற ஜெயபாய் ஜப்பான் பாஷை படிச்சா. அறிவு வளக்க இல்ல. நெல்லையப்ப பிள்ளையக் கவுக்க.

கொல்லவருஷம் ஆயிரத்து நூறு கடந்த சமயம், இங்கிலீசு கணக்குல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருவத்தஞ்சு வாக்குல. பனமட்டைய அடிச்சு நாரு, அதாவது தும்பு, எடுக்கதுதான் அங்க பொம்பளைகளுக்கு வேல. வருஷத்துக்கு ஒருக்க தும்பு வாங்க ஒரு ஜப்பான்காரன் வருவான். பழைய கச்சேரி குமஸ்தன் நெல்லையப்ப பிள்ளதான் தரகு. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பாஷை கெடையாது. தேவையும் இல்ல. மாட்டுச்சந்தையில செய்யது மாதிரி, துண்டுக்கடியில கைய விட்டு, விரலப் புடிச்சு வெல பேசுவானுவ, விரலுக்கு ஒரு ரூவா. பேசி முடிச்சு பிள்ள இந்தப் பக்கம் திரும்பி, "கெட்டுக்கு ரெண்டு ரூவா" ம்பாரு. உள்ள என்ன நடந்துதுன்னு கர்த்தருக்குத்தான் தெரியும்.

ஒரு வருஷம் ஜெயபாய் கேட்டுட்டா. "ஏமானே, அவன் சொன்ன வெல என்னவாக்கும்?"

"தெரியணுமாட்டீ? நீயும் துண்டுக்குள்ள கைய விடு. வா."

களமே சிரிச்சுது. அவளக் கெட்டின ராபின்சனும் தலையக் குனிஞ்சு சிரிச்சான்.

அவ அண்ணன் ஞானசிகாமணி ஜப்பான் கப்பல்ல அஞ்சு வருஷம் பாத்திரம் கழுவிட்டு, நெஞ்சுச்சளியோட வீட்டுல கெடந்தான். அவங்கிட்டப் போனா.

"அண்ணே, அவனுவ பேச்ச எனக்குச் சொல்லித் தா."

"எதுக்கு மக்கா, கப்பலேறப் போறியா?"

"ஒருத்தன எறக்கணும்."

மட்டைய அடிச்சுக்கிட்டே படிச்சா. 'கோரே'ன்னா இது. 'இகுரா'ன்னா எவ்வளவு. முடிவுல 'தெஸ்' வெச்சா சொல்லியாச்சு, அதுக்குப் பொறத்த 'கா' போட்டா கேட்டாச்சு. ஒரு கெட்டுக்கும் நூறு கெட்டுக்கும் பேரு ஒண்ணுதான், 'கள்' ஒண்ணும் கெடையாது. 'தகாய்' வெல கூடுதல், 'யாசுய்' கொறவு. இச்சி, நி, சன், யோன், கோன்னா ஒண்ணுலேருந்து அஞ்சு வர.

"செய்யதச் சொல்லுத வார்த்த கடைசியிலதான் வருது. நம்மளப் போலத்தான் பேசுகானுவ" ன்னா.

தப்பாச் சொன்னா அண்ணன் சிரிப்பான். சிரிச்ச அண்ணைக்கு அவனுக்குக் கிழங்கு கெடையாது.

ரெண்டு வருஷம் போச்சு. அதே களம், துண்டுக்கடியில ரெண்டு கையும் போயாச்சு. ஜெயபாய் நேரா முன்னால போய் நின்னா.

"கோரே வா இகுரா தெஸ் கா?"

ஜப்பான்காரன் அவள ஏற எறங்கப் பாத்தான். கேட்டவளுக்குப் பதில் சொல்லுதது மரியாதைன்னு நெனச்சானோ என்னமோ, "கோ ருப்பீ தெஸ்" ன்னான்.

"அஞ்சு ரூவாங்கான்." அவ பொம்பளைகளப் பாத்துச் சொன்னா.

"புளுகுதா. இவளுக்கு என்ன தெரியும்?" ன்னாரு பிள்ள.

ஜெயபாய் துண்டப் புடிச்சு உருவினா. ஜப்பான்காரனோட அஞ்சு விரலயும் சேத்துப் புடிச்சபடி இருந்துது பிள்ளையோட கையி.

பொம்பளைக எல்லாரும் அவளவ அடிச்ச தும்பு மேலயே ஏறி இருந்தாளுவ. "இந்த ஆளு களத்துல நிக்குத வரைக்கும் ஒரு கெட்டும் வண்டியேறாது" ன்னா ஜெயபாய். அத ஜப்பான்காரனுக்கு அவன் பாஷையில சொல்ல அவளுக்குத் தெரியல. பிள்ளையக் காட்டினா, ரோட்டக் காட்டினா. அவனுக்குப் போதும்.

மறுநாள் பிள்ள அவ முற்றத்துக்கே வந்தாரு. "ஜெயபாய், பாதித் தரகு நீ எடுத்துக்க. தப்பா வெளங்கிட்டேன்னு மட்டும் நாலு பேருக்கு முன்னால சொல்லு."

"வெளங்கினது சரியாத்தான் வெளங்கிச்சு. நீரு போவும்."

பிற்பாடு கெட்டு அஞ்சு ரூவாய்க்கே போச்சு. ராபின்சன், "ஜெயிச்சாச்சுல்லா, இனி விடு" ன்னான். அவ விடல. பிள்ள பாலராமபுரத்துல நெசவுக்காரிகளுக்கு நூல் தரகு பாக்கத் தொடங்கியிருக்காருன்னு அடுத்த மாசம் காதுல விழுந்துது. அந்த ஞாயித்துக்கெழமையே சர்ச்சு வாசல்ல நின்னு விசாரிச்சா:

"பாலராமபுரத்துல தறிக்காரிக ஆரையாவது ஒங்களுக்குத் தெரியுமா?"