முப்பது வருஷத்து 'அவர்'

இர்மெலி குவோப்பலாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. வாரத்தில் ஐந்து நாள், பின்லாந்தின் குரிக்கா ஊரில் ஒரு பல் மருத்துவரின் வரவேற்பறையில் உட்கார்ந்து, "வலிக்கவே வலிக்காது, உள்ள போங்க" என்று பொய் சொல்வது அவள் வேலை. சனிக்கிழமைகளில், ஜோடி ஆட்டத்துக்கு வாசிக்கும் ஓர் இசைக் குழுவோடு மேடையேறி, காதல் பாட்டுப் பாடி, வேறு மாதிரிப் பொய் சொல்வாள். இரண்டிலும் அவளுக்கு நல்ல பெயர் இருந்தது.

பொய் என்று அடித்துச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நான் எப்ப பொய் சொன்னேன்? ஒரு வார்த்தை கூட மாத்திச் சொல்லலையே!" என்பாள். அதுவும் சரிதான், மறுக்க முடியாது. பின்னிய மொழியில் அவனும் கிடையாது, அவளும் கிடையாது. 'ஹேன்' என்று ஒரே சொல், நம்ம 'அவர்' மாதிரி. மரியாதைக்காக அல்ல, வேறு சொல்லே இல்லாததால். பேச்சுவழக்கில் இன்னும் மோசம், மனுஷனையே 'அது' என்பார்கள். ஆக இர்மெலி முப்பது வருஷமாக மேடையில் நின்று, "அவர் இன்னும் வரலையே" என்று உருகிக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டில் ஒரு பெண்பிள்ளை 'அவர்' என்றால் ஊர் என்ன நினைக்குமோ, அதையேதான் அந்த ஊர்க்காரர்களும் நினைத்தார்கள். யாரோ ஒரு லாரி ஓட்டுநர் என்றது ஒரு கட்சி. அக்கார்டியன் வாசிக்கிற ரெய்யோதான் என்று இன்னொரு கட்சி. அந்த வதந்தியால் ரெய்யோவின் மனைவி இரண்டு வாரம் அவனோடு பேசவில்லை. பாவம், அவனுக்குப் பிடித்ததெல்லாம் மீன்பிடிக்கிறது ஒன்றுதான்.

அந்த 'அவர்' ஒரு பெண். முதல் எட்டு வருஷம் வெறும் பாட்டு, அதன்பின் மை-லென் நோர்கோர்ட். அதே நாட்டின் மேற்குக் கரையில், ஸ்வீடிஷ் பேசும் நேர்பெஸ் ஊரில் கண்ணாடி வீடுகளுக்குள் தக்காளி வளர்ப்பவள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பாட்டு முடிந்து இர்மெலி மேடையை விட்டு இறங்கியபோது எதிரே வந்து நின்று, "குரல் நல்லாத்தான் இருக்கு, தாளத்தை மட்டும் கொஞ்சம் கவனிக்கலாம்" என்றாள். இர்மெலி அந்த இடத்திலேயே விழுந்தவள்தான். இன்றுவரை எழுந்திருக்கவில்லை. தாளமும் சரியாகவில்லை.

இருவரும் மை-லென் வீட்டில்தான் வாழ்ந்தார்கள். குரிக்காவில் இர்மெலிக்கு ஒரு சின்ன வீடு இருந்தது, கடிதம் வருவதற்காக. ஆட்ட அரங்கங்களில் ஆண்கள் எப்போதும் குறைவு, பெண்கள் ஜோடி சேர்ந்து ஆடுவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. குழு இடைவேளை விடும்போதெல்லாம் இர்மெலியும் மை-லெனும் ஆடினார்கள். "ஆம்பளைப் பஞ்சம், என்ன பண்றது!" என்று இர்மெலி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சலித்துக்கொள்வாள். உலகத்திலேயே ஆண் பஞ்சத்துக்கு அவளைப் போல நன்றியோடு இருந்தவள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

குளிர்காலத்தில் தொலைக்காட்சியில் எப்போதாவது இவர்களைப் போன்றவர்கள் வரும் படம் போடுவார்கள். பிரெஞ்சோ ஜெர்மனோ எதுவானாலும் மை-லென் ஆரம்பத்திலேயே பந்தயம் கட்டுவாள். "இதுல எவ சாவான்னு சொல்லு? அந்தக் கறுப்புத் தலைமுடிக்காரியா, இருமுறவளா?"

"ரெண்டு பேரும் சாகலன்னா?"

"அப்ப ஒருத்தி புருஷன்கிட்ட திரும்பிப் போயிருவா. நடுவுல மழை பெய்யும். நம்மளையும் படம் எடுத்தா என்ன எடுப்பான்? ரெண்டு பொம்பளைங்க இருபது வருஷமா தக்காளி பெட்டியில அடுக்கறாங்க. ஒருத்திக்கு இருமல் கூட வரல. எவன் பார்ப்பான்!"

இப்படி வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மை-லெனின் அம்மா விஷயம் ஒன்றைத் தவிர.

இர்மெலியின் ஸ்வீடிஷ் பள்ளிக்கூட ஸ்வீடிஷ். அந்த மொழியிலோ அவன் தனி, அவள் தனி. 'ஹன்' என்றால் அவன், 'ஹூன்' என்றால் அவள், நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். 'அவர்' மட்டுமே தெரிந்த வாய்க்கு அந்த ஓர் எழுத்து கடைசிவரை பிடிபடாது. பின்னிய மொழிக்காரர் ஸ்வீடிஷ் பேசினால் பாட்டிக்கு மீசை முளைக்கும், பாதிரியாருக்குப் பிரசவம் ஆகும். நேர்பெஸ்காரர்களுக்கு அது வாராந்தரச் சிரிப்பு.

முதல்முறை அந்த அம்மாவின் வீட்டுக்குக் காப்பிக்குப் போனபோது, இர்மெலிக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. மை-லென் பால் எடுக்க உள்ளே போன நேரம். அம்மாவைப் பார்த்து, "நான் அவளை ரொம்ப நேசிக்கிறேன்" என்று சொல்ல வாயெடுத்தாள். வந்து விழுந்தது 'அவனை'.

அம்மா முகம் மலர்ந்தது. "நல்லது, நல்லது. பையன் என்ன வேலை பார்க்கிறான்?"

தான் என்ன சொன்னோம் என்றே தெரியாத இர்மெலி, "தக்காளி" என்றாள்.

"அடடே, நம்ம தொழிலா!"

அவ்வளவுதான். அன்றிலிருந்து இருபத்தோரு வருஷம், ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தத் தக்காளிப் பையனுக்கு அம்மா கம்பளிக் காலுறை பின்னிக் கொடுத்தாள், நாற்பத்துநாலாம் ஆம்பளை அளவில். இர்மெலி, தன் தவறு புரிந்த பிறகும் திருத்தாமல் வாங்கிக்கொண்டு, "ரொம்பப் பிடிச்சுதாம்" என்றாள், வருஷா வருஷம். பின்னர் கால்கள் உள்ளே நீந்த நீந்த அதைத் தானே போட்டுக்கொண்டாள். கோழை என்றால் சாதாரணக் கோழை இல்லை அவள், இலக்கணத்தின் ஆதரவு பெற்ற கோழை.

இந்த வசந்தத்தில் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்தாள். கடைசிக்கு முந்தின நாள் இர்மெலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பையனை ஒரு தடவையாவது கூட்டிட்டு வந்திருக்கலாம் நீ" என்றாள். கட்டிலின் மறுபக்கம் மை-லென் நின்றுகொண்டிருந்தாள்.

ஜூன் மாதம், தக்காளிக் கொடிகளுக்கு நூல் கட்டும்போது மை-லென் சொன்னாள். "எனக்கு அறுபது வயசாகுது. பிறந்தநாள் அன்னிக்கு உங்க குழு நம்ம ஊர் அரங்கத்துலதான் வாசிக்குது. நீ எனக்காக எழுதின பாட்டு இருக்கே, அதை எங்க ஸ்வீடிஷ்ல மாத்தித் தர்றேன். பாடு. 'அவள்'னு பாடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

இர்மெலியின் கையிலிருந்து நூல்கண்டு நழுவியது. "உங்க ஊர்லயா? எல்லாரும் இருப்பாங்களே!"

"அதுக்குத்தானே கேக்கறேன்."

"நீ மட்டும் என்ன, உங்க அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லல. நானும் கோழைதான். ஆனா உனக்கு நோகாம நொங்கு திங்கற கோழைத்தனம். 'அவர்'னு சொல்லிட்டு தப்பிச்சுக்குவே. எனக்கு அந்த வசதி உண்டா? ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, 'ஒரு ஆள் இருக்காங்க', 'தெரிஞ்சவங்க ஒருத்தங்க'ன்னு சுத்தி வளைக்கிறேன். அம்மாவும் போயாச்சு. எனக்கு அலுத்துப்போச்சு, இர்மெலி. பாடலன்னா நீ குரிக்காவிலேயே இரு. கடிதம் மட்டும் போய்ச் சேருற வீட்டுக்கு நீயும் போய்ச் சேரு."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மை-லென் விளையாட்டுக்குச் சொன்னால் மூக்கு சுருங்கும். சுருங்கவில்லை.

மூன்று வாரம் இர்மெலி அந்தப் பாட்டோடு மல்லுக்கட்டினாள். காரில் பாடினாள், குளியலில் பாடினாள். பல் மருத்துவமனையில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தவர்கள் காதில் விழப் பாடினாள், அவர்களால் திருத்த முடியாதே. பாட்டில் நாலு இடத்தில் 'அவள்' வருகிறது. மூன்றாவதில் நாக்கு எப்போதும் 'அவன்' பக்கமே சாய்ந்தது. உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். வியர்த்து அழிந்தது. ஒருநாள் பழக்க தோஷத்தில், மருத்துவர் எங்கே என்று கேட்ட ஒரு ஸ்வீடிஷ்காரரிடம், "அவள் உள்ளே பல் பிடுங்கறாள்" என்றாள். தாடிக்கார மருத்துவர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. கடலோர மர அரங்கம், மாலை ஆறரை மணி, வெயில் இன்னும் பளீரென்று சன்னலில். நூற்றைம்பது பேர். காப்பி, இலவங்கப்பட்டை ரொட்டி, கடுகு தடவிய சுட்ட தொத்திறைச்சி. காப்பி மேஜை அருகே நீல உடுப்பில் மை-லென்.

இர்மெலி பாடினாள். முதல் 'அவள்' வந்தது. வானம் இடிந்து விழவில்லை. இரண்டாவது வந்தது. மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடினாள், சரியாக விழுந்தது. நாலாவதைப் பாடும்போது அவளுக்கே தன்மேல் மதிப்பு வந்துவிட்டது. இவ்வளவுதானா! இதற்கா இருபத்திரண்டு வருஷம் நடுங்கினேன்! கைத்தட்டல் நன்றாகவே விழுந்தது.

அப்போதுதான் பேர்யே மேடை ஏறினார். அரங்கத்தின் தலைவர். டிராக்டர் விற்று ஓய்வு பெற்றவர், மைக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. இர்மெலியின் தோளில் அன்பாகத் தட்டினார்.

"ஏம்மா இர்மெலி! நம்ம பாஷையில பாடினதுக்கு ஆயிரம் நன்றி. ஆனா முப்பது வருஷம் ஆகியும் உங்களுக்கு அவனும் அவளும் பிடிபடலையே! நாலு தடவையும் 'அவள்'! அந்த ஆளு கேட்டா மனசு ஒடிஞ்சு போயிருவான்மா!"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, வாத்சல்யமான சிரிப்பு. பாவம், குரிக்காக்காரி, என்ன செய்வாள் என்கிற சிரிப்பு. மூன்று வாரம் நாக்கைப் பிய்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முதலாகத் தப்பில்லாமல் சொன்ன ஒரே ஸ்வீடிஷ் சொல். அதைத்தான் பிழை என்று எடுத்துக்கொண்டார்கள்!

இர்மெலி என்ன செய்தாள் தெரியுமா? அவளும் சிரித்தாள். அதுதான் கொடுமை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "ஆமா, எனக்கு எப்பவுமே குழம்பும்" என்று தலையில் கூடத் தட்டிக்கொண்டாள். முப்பது வருஷப் பழக்கம், கால் தானாகவே பழைய பொந்துக்குள் போய்விட்டது.

சிரித்து முடித்த பிறகுதான் மை-லெனைப் பார்த்தாள். மை-லென் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. காப்பிக் கோப்பையை மேஜைமேல் வைத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கதவுப் பக்கம் போய், ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்தாள். அறுபதாவது பிறந்தநாளில், தன் சொந்த ஊர் அரங்கத்திலிருந்து.

போய்விடுவாள். இந்தக் கதவைத் தாண்டினால் அவ்வளவுதான்.

இர்மெலி பேர்யேயின் கையிலிருந்த மைக்கைப் பறித்தாள். பறித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது, அவர் விரலில் கீறலே விழுந்தது.

"நான் தப்பா பாடல!" என்றாள் ஸ்வீடிஷில். குரல் கிறீச்சிட்டது. "மத்தது எல்லாம் தப்பா இருக்கலாம். அது சரி! அந்த ஒரு சொல் சரி!"

சிரிப்பு மெல்ல அடங்கியது. பேர்யே விரலைத் தேய்த்துக்கொண்டு, "எதும்மா சரி?" என்றார்.

இர்மெலி பதற்றத்தில் கையை நீட்டி, முழு பலத்தோடு கத்தினாள்:

"அதோ! கதவுகிட்ட கோட்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறது அவன்தான்! இருபத்திரண்டு வருஷமா அவன்தான்! அவனுக்குத்தான் எல்லாப் பாட்டும்!"

நூற்றைம்பது தலைகள் திரும்பின. கதவருகே ஆம்பளை எவனும் இல்லை. ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக மை-லென் மட்டும் நின்றாள். அப்போதுதான் இர்மெலிக்கு உறைத்தது. அடிப்பாவி! பாட்டில் நாலு தடவை சரியாகச் சொன்னவள், சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று தடவை தப்பாகச் சொல்லிவிட்டாள். மைக்கைக் கீழே வைத்துவிட்டு எங்காவது கடலில் போய் விழலாமா என்றிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. நீட்டிய விரல் ஸ்வீடிஷைவிடத் தெளிவாக இருந்தது.

மை-லெனின் முகம் சிவந்தது, கழுத்துவரை.

"அவன் இல்லடி, மக்கு!" என்று அங்கிருந்தே கத்தினாள். "அவள்! எத்தனை தடவை சொல்லிக் கொடுக்கறது? அவள்! நான் அவள்! உன் அவள்!"

"அவள்" என்றாள் இர்மெலி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"இப்ப சரி" என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர், ரொம்ப சீரியஸாக.

கதவருகே மை-லென் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள், தக்காளிச் சங்கத்துக்காரர்கள், கூடப் படித்தவர்கள் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'உன் அவள்' என்று தானும் இந்த ஊருக்குள் வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை என்பது அவளுக்கும் அப்போதுதான் தெரிந்தது.