ருசி தெரியாத நாக்கு

ஆரணியை விட்டுப் போளூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். காலையில்தான் சாயப்பட்டறை முதலாளி விரட்டினார். "எம்.எல்.ஏ. கிட்ட பேசிகினு வந்தியாமே? அங்கியே போய் வேல கேளு!"

முந்தின நாள், கிணறுகளில் சாயக்கழிவு கலப்பதை ஆராயும் விஞ்ஞானி அம்மா என்னை எம்.எல்.ஏ.விடம் அழைத்துப்போயிருந்தார். அரசுப் பணம் நின்றால் ஆராய்ச்சியும் நின்றுவிடும். அவர் காட்டிய கணக்குகளைப் பார்த்து எம்.எல்.ஏ. கொட்டாவி விட்டார்.

"நீங்க சொல்லுங்க," என்றார் அம்மா என்னிடம்.

"சாயம் போடறதுக்கு முன்னாடி தண்ணி சரியா கீதான்னு நாக்குல வச்சிப் பாப்போம்ங்க. இப்ப உப்பு, புளிப்பு எதுவும் தெரியல. சோறுகூட மண்ணாட்டம் கீது."

எம்.எல்.ஏ. நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆராய்ச்சிப் பணத்துக்கான சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

ஆராய்ச்சி பிழைத்தது. நானும் பிழைக்க வேண்டுமே. விரட்டப்பட்ட மறுநாள் காலை, போளூரில் வேறொரு சாயப்பட்டறை. மேஸ்திரி ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினார். "எப்டி கீது?"

நாக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா கீதுங்க," என்றேன். வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.