கடைசிப் பக்கம்வரை பென்சில்

என் இடது கைச் சுண்டுவிரல் நேராக நிற்காது. கேட்பவர்களிடம் கம்பெனியில் மெஷினில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுவேன். கம்பெனிகள் நிறைந்த அம்பத்தூர் பக்கம் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. உண்மையில் அது இயற்பியல் படிக்கப் போய் உடைந்த விரல்.

பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்ததும் "உனக்கு சயின்ஸ் வராது" என்று ஒரு டீச்சர் எல்லார் முன்னாலும் சொல்லி என்னைக் காமர்ஸ் குரூப்பில் தள்ளினார். வராது என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். பல வருடம் கழித்து, வண்டி உதிரிபாகங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருந்தபோது, பிரபஞ்சம் விரிகிறது என்று செல்போனில் ஒரு வீடியோ சொன்னது. எதற்குள் விரிகிறது? அதை யாரும் சொல்லவில்லை. பழைய கோபம் திரும்ப வந்தது. நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன் என்று கிளம்பினேன்.

முதலில் வாங்கியது வழவழப்பான தாளில் பக்கத்துக்குப் பக்கம் கலர் படம் போட்ட புத்தகம். படிக்கும்போது ஆகா ஓகோ என்றிருக்கும், மூடினால் ஒன்றும் நிற்காது. கருந்துளையைப் பற்றி அத்தனை பக்கம் படித்தவளுக்கு, மேலே எறிந்த கல் ஏன் கீழே வருகிறது என்று சொல்லத் தெரியவில்லை. அடுத்து ஒரு கல்லூரிப் புத்தகம், செங்கல் கனம். ஆரம்பத்திலேயே புரியாத சமன்பாடுகள் வரிசையாக வந்து மூஞ்சியில் அறைந்தன. ஆத்திரத்தில் அதைச் சுவரில் வீசினேன். சுண்ணாம்புதான் பெயர்ந்தது, புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம்தான் எனக்கு ஒரு வழி பிடிபட்டது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பழைய பேப்பர் கடை உண்டு. அங்கே குவிந்து கிடக்கும் புத்தகங்களில் நான் அட்டையைப் பார்க்க மாட்டேன். முன்னால் வைத்திருந்தவர் போட்ட பென்சில் கோடு எந்தப் பக்கத்தோடு நிற்கிறது என்று பார்ப்பேன். பெரும்பாலானவற்றில் முதல் பாடத்தோடு கோடு செத்துப்போயிருக்கும். அவை ஆளை அடித்துப் போடும் புத்தகங்கள். கடைசிப் பக்கம்வரை பென்சில் ஓடியிருந்தால், நம்மைப் போல ஒரு ஆள் அதைப் படித்து முடித்திருக்கிறார் என்று அர்த்தம். அதை நம்பி வாங்கலாம்.

அப்படிக் கிடைத்ததுதான் பழைய பாடத்திட்டத்துப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல். முதல் பக்கத்தில் ஒரு பையனின் பெயர். ஓரமெல்லாம் சாய்ந்த கையெழுத்தில் கணக்கு, அடித்தல், மறுபடி கணக்கு. ஒரு இடத்தில் 'பயப்படாதே, இன்னொரு தடவை போடு' என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்தான். அவன் திணறிய இடத்தில்தான் நானும் திணறினேன். கல் ஏன் திரும்பி வருகிறது என்பது மட்டுமல்ல, எவ்வளவு வேகமாக எறிந்தால் அது திரும்பி வரவே வராது என்பதையும் ஒருநாள் நானே போட்டுவிட்டேன். அன்றைக்கு ஒரு பிரியாணி வாங்கித் தனியாக உட்கார்ந்து தின்றேன்.

திருமுல்லைவாயிலில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. அப்பா இல்லை. லோடு வேன் ஓட்டும் அண்ணன்தான் அப்பா, போலீஸ், ஜட்ஜ் எல்லாம். குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும், எதிர்த்துப் பேசினால் கன்னம் வீங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் புத்தகம் அவன் கண்ணில் பட்டது.

"இன்னாடி இது? எவன் பேரு?"

"தெரியாதுண்ணா. பழைய பேப்பர் கடைல வாங்குனேன்."

"பயப்படாதேன்னு ஒருத்தன் எழுதிக் குடுத்துகீறான், தெரியாதாம். கம்பெனில கூட வேலை செய்றவனா?"

"அது கணக்குண்ணா. படிச்சுப் பாரு."

"உன் கணக்கை நான் முடிக்கிறேன்டி."

கன்னத்தில் விழுந்த முதல் அடியிலேயே காது அடைத்துக்கொண்டது. முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினான். நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அம்மா நடுவில் வந்து, "அடிக்காதடா" என்று அவனிடமும், "அந்த புக்க குடுத்துட்றீ" என்று என்னிடமும் கத்தினாள். நான் கொடுக்கவில்லை. புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். சுண்டுவிரலுக்கு வந்தபோது படக்கென்று சத்தம் கேட்டது.

புத்தகத்தை இரண்டாகக் கிழித்து வாசல் சாக்கடையில் வீசினான். "நாளைலேர்ந்து வேலைக்கும் போவக் கூடாது. ஊட்ல கெட" என்றான்.

வேலை போனால் பூந்தமல்லி இல்லை, புத்தகம் இல்லை, எனக்கென்று எதுவுமே இல்லை. கட்டிலுக்கு அடியில் அந்தக் கல்லூரிப் புத்தகம் கிடந்தது. அதை வலது கையால் எடுத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து அவன் முகத்தில் அடித்தேன். மூக்கு உடைந்தது. அப்படியே உட்கார்ந்தவன் சட்டையெல்லாம் ரத்தம். அந்தப் புத்தகத்தால் எனக்கு நடந்த ஒரே உபகாரம் அதுதான். அடித்ததற்காக அன்றும் நான் வருந்தவில்லை, இன்றும் வருந்தவில்லை.

அம்மா அவன் மூக்கில் ஈரத்துணியை வைத்தபடி என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், "போயிடு. அவன் எழுந்திரிக்கறதுக்குள்ள போயிடு."

அன்று சாயங்காலமே அம்பத்தூரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சேர்ந்தேன். மறுநாள் விரலில் கட்டோடு வேலைக்குப் போனேன். கட்டுப் பிரித்த பிறகு அதே கடையில் தேடி, அதே இயற்பியல் புத்தகம் இன்னொன்று வாங்கினேன். அதில் யாரும் ஒரு கோடுகூடப் போட்டிருக்கவில்லை. இந்த முறை நானே போட்டேன், கடைசிப் பக்கம்வரை. எதற்குள் விரிகிறது என்ற கேள்வியே தப்பு, தூரங்கள்தாம் நீள்கின்றன என்று சொல்லும் அடுத்த புத்தகத்துக்கும் வந்துவிட்டேன்.

போன மாதம் அந்தப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கடையிலேயே திருப்பிப் போடப் போனேன். அடுத்து வருகிற யாருக்காவது என் பென்சில் உதவட்டும் என்றுதான். கடைக்காரர் அதைத் தராசில் வைத்ததும் அண்ணன் கிழித்த புத்தகமும் அதிலிருந்த பையனின் பெயரும் நினைவுக்கு வந்தன.

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்று திரும்ப வாங்கினேன். முதல் பக்கத்தில் பேனாவால் பெரிதாக எழுதினேன்: 'உள்ளே இருப்பது ஒரு பெண்ணின் கையெழுத்து. இதை வைத்திருப்பவளை அடிக்காதே.'