நான் தின்னாத அல்வா

தொண்ணூறுகளின் நடுவில், நாற்பத்தாறு வயதில், எனக்குச் சர்க்கரை வந்தது. அன்று முதல் வாய்க்குள் போன எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். காலையில் நீலக் கரைசலில் சிறுநீரைக் காய்ச்சி, என்ன நிறம் வந்தது என்றும் எழுதினேன். நீலமாகவே இருந்தால் நல்லது; சர்க்கரை கூடக் கூடப் பச்சை, மஞ்சள், செங்கல் என்று மாறும். எனக்கு வந்தது செங்கல் நிறம். மாத்திரை ஒன்று மூன்றான பிறகும் செங்கல் நிறம்தான்.

திருநெல்வேலி ஜங்ஷனில் நான் பார்த்துவந்த டாக்டர் நோட்டைத் திறக்காமலே தள்ளிவைத்தார். "ஏம்மா, திருநெல்வேலியில இருந்துக்கிட்டு அல்வா திங்கலைன்னா நான் நம்பணுமாக்கும்?"

கூட வந்த என் கணவரும் சிரித்தார். எலும்பெல்லாம் வலிக்கிறது என்றேன். "வயசாகுதுல்லா" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் அடுக்களை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தார்.

"ஏட்டி, உள்ளதச் சொல்லு. ஆபீஸ்ல எவளும் முட்டாய் கொடுத்தாளா?"

"இருவத்திரண்டு வருசத்துல நான் ஒரு பொய் சொல்லியிருக்கனா?"

"நீ சொல்லல. உன் ரத்தம்லா சொல்லுது."

இரண்டு வருடம் திருடியைப் போல நடத்தப்பட்டேன். பலகாரத் தட்டு வந்தால் என்னைத் தாண்டிப் போகும், எல்லார் கண்ணும் என் கைமேல் இருக்கும். இன்று எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

ஒருநாள் அலுவலகம் விட்டுத் திரும்பும்போது காலைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற முடியவில்லை. அலுவலகம் இருந்த அம்பாசமுத்திரத்திலேயே ஒரு பெண் டாக்டரிடம் போனேன். அவர் நோட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். நேரங்களையும் எழுதுவது என் வழக்கம்: விடியுமுன் பஸ், பகல் முழுக்கப் பதிவு அலுவலகத்தின் ஆவண அறை, இருட்டிய பின் வீடு, ஞாயிற்றுக்கிழமை வெளியே போனால் குடை.

"உங்க மேல வெயில் எப்பம்மா படும்?"

சிரித்துவிட்டேன். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? அவர் சிரிக்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். அலறினேன். ரத்தம் மெட்ராசுக்குப் போய், வைட்டமின் டி மிகவும் குறைவு என்று வந்தது.

"எலும்பு வலிக்கு இதான் காரணம். உங்க உடம்புல இன்சுலின் இருக்கு, உடம்பு அது பேச்சக் கேக்க மாட்டேங்கு. அதுக்கும் இந்தக் குறைவு ஒரு காரணமா இருக்கலாம்னு சிலர் சொல்லுதாங்க. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா நீங்க நோட்டுல பொய் எழுதல. அது எனக்குத் தெரியுது."

அழுதுவிட்டேன்.

மருந்தெடுத்து, காலை வெயிலில் நடந்து, சில மாதத்தில் வலி போனது. நிறம் மஞ்சளுக்கு இறங்கியது. மருந்தாலா, நடந்ததாலா என்று அந்த டாக்டரும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. கணவர் சொன்னார்: "பாத்தியா, வெயில்ல நடன்னு நான் அப்பவே சொன்னேன்லா."

நோட்டைப் பிரித்தேன். "என்னைக்குச் சொன்னீங்க? தேதி சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

"சரி, விடுட்டி."

"விட மாட்டேன். நான் திங்கலைன்னு சொல்லுங்க."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை சொல்ல வைத்தேன்.